மீன் வயலுக்கு வரும் வழி

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் மின்ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டிச் சூலூர்பேட்டை வரை போகும் வண்டிகள் குறைவு. காலை ஷிஃப்டுக்கு வந்து இறங்குகிறவர்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள். இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், இரசாயனத் தொழிற்சாலைகள், வாகன உதிரிபாகக் கூடங்கள் எல்லாம் அந்தப் பக்கம். நான் போக வேண்டியது கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கம்.

துருவப் பகுதிகளில் கடற்பறவைக் கூட்டங்கள் மண்ணை என்ன செய்கின்றன என்பது பற்றிய ஆராய்ச்சிகளைச் சில காலமாகப் படித்து வருகிறேன். பனியும் பாறையுமாகக் கிடக்கும் இடத்தில் பறவை எச்சம் விழுந்து விழுந்தே மண் உண்டாகிறது. அந்த வேலை நம் ஊர் வெயிலில் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. அதற்கு அண்டார்டிகா போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் போதும்.

சுண்ணாம்புக்குளம் தாண்டினால் அண்ணாமலைச்சேரி. ஏரிக்கரை மீனவர் ஊர். தை மாதம் என்பதால் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் இன்னும் ஏரியில் இருந்தது. சிலிக்காவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம்.

"பார்க்கத்தான் சார் கடல் மாதிரி. எறங்கினா முழங்கால், மிஞ்சிப்போனா இடுப்பு" என்றார் படகுக்காரர். கழியை ஊன்றித் தள்ளியே போனோம். தூரத்தில் பூநாரைகள் கரை நீளத்துக்கும் வெளிர்சிவப்பாகத் தெரிந்தன. கிட்டப் போனால் எழும்பிவிடும் என்று அவர் முன்னாலேயே படகை நிறுத்திவிட்டார். அங்கே தண்ணீர் ஒரு சாண்தான். சேற்றில் அவை முன்பு மேய்ந்த தடம் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு சிறு மேடு, அதைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம். பூநாரை அலகை ஓரிடத்தில் தலைகீழாக வைத்துக்கொண்டு, காலால் மிதித்தபடி அந்த இடத்தையே சுற்றி வரும். மேலே பழுப்பாக இருக்கும் சேறு அந்தப் பள்ளத்தில் கறுப்பாகக் கிளறிவிடப்பட்டிருந்தது. உழவு என்றே சொல்லலாம். காற்றுப் படாமல் அடியில் புதைந்திருந்த சத்து இப்படித்தான் மறுபடி தண்ணீருக்கு வருகிறது.

ஆனால் பூநாரை இங்கே கூடு கட்டுவதில்லை. அது பெருமளவில் குஞ்சு பொரிப்பது கட்ச் பகுதியின் ரண் உப்புவெளியில். இங்கே மேய்ந்து பெரும்பாலும் இங்கேயே கழிக்கிறது. ஏரியின் சத்து ஏரிக்குள்ளேயே சுற்றி வருகிறது. கூழைக்கடாவின் கதை வேறு. படகுக்காரர் வடக்கே கையைக் காட்டினார்: "அதுங்க இங்க மீன் புடிச்சிட்டு நேலப்பட்டுக்குப் போயிடும். கூடு, குஞ்சு எல்லாம் அங்கதான்." ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் போடுகிற பறவைதான் மண்ணை மாற்றும். துருவத்திலும் அதுதான் கணக்கு. ஆகவே நேலப்பட்டுக்குக் கிளம்பினேன்.

கல்கத்தா நெடுஞ்சாலையில் சூலூர்பேட்டை தாண்டி, தொரவாரிசத்திரம் வட்டாரத்தில், சாலையிலிருந்து கிழக்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நேலப்பட்டு. ஆந்திர அரசு 1976-இல் சரணாலயமாக அறிவித்தது. புதர்க்காடும் ஓர் ஏரியும்தான் இடம். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. மாதக்கணக்கில் வேர் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத மரம். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கூழைக்கடாக்கள் வந்து இந்த மரத்தலைகளில் குச்சி அடுக்கிக் கூடு கட்டத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன் எல்லாம் கூடவே வந்து சேரும்.

நான் போனபோது குஞ்சுகள் பாதி வளர்ந்திருந்தன. தாய் வந்து இறங்கியதும் குஞ்சு அதன் தாடைப் பைக்குள் தலையையும் கழுத்தையும் நுழைத்துவிடுகிறது. அரைகுறையாகச் செரித்த மீனைத் தாய் கக்க, குஞ்சு உள்ளேயே தின்கிறது. சிந்துவது தண்ணீரில் விழுகிறது. மரங்களின் மேற்கிளைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. இலைகளில் வெள்ளைப் படலம். சில நுனிகள் கருகியிருந்தன. மரத்தடியில் தண்ணீர் பச்சைக் கஞ்சியாகத் தடித்திருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மூக்கை அறுக்கும் நெடி. அம்மோனியா.

பறவை சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. உடம்பில் மிஞ்சிய நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி எச்சத்தோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. நாம் பார்க்கும் வெள்ளை அதுதான். நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. ஒரு பங்கு காற்றில் போய்விடும். மீதி தண்ணீரிலும் மண்ணிலும் தங்கி, வேறு நுண்ணுயிர்களால் பயிர் உறிஞ்சக்கூடிய நைட்ரேட்டாகிறது. மீன் முள்ளிலிருந்து வந்த பாஸ்பரஸ் காற்றில் போகாது. வண்டலோடு கீழே படிந்து கிடக்கும். வயல்காரர் மொழியில் சொன்னால், தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த தண்ணீர்.

அந்தத் தண்ணீர் மதகு வழியாகக் கழனிக்குப் போகிறது. மதகடியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த பெரியவருக்குத் தாய்மொழி தெலுங்கு. இளவயதில் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது.

"ஐயா, இந்தத் தண்ணி பாயற கழனிக்கு உரம் போடுவீங்களா?"

"முதல் மடைக் கழனிக்கு மேலுரம் போட மாட்டோம். போட்டா பயிரு கண்ணாபின்னான்னு தழைஞ்சு, கதிர் வாங்கினதும் சாஞ்சிடும். புகையான் பூச்சி வேற சேரும். கடைமடைக்காரன்தான் யூரியாவுக்கு அலைவான்."

"அவ்வளவும் பறவையாலயா?"

"பறவை சரியா வராத வருசம் பார்த்தா தெரியும் சார். ஏரி அதே ஏரி, தண்ணி அதே தண்ணி. பயிரு மட்டும் வெளுத்து நிக்கும்."

இந்த அறிவு நேலப்பட்டுக்கு மட்டும் உரியதன்று. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று புகார் கொண்டுபோனார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல், இங்கே பறவைகளை யாரும் கொல்லக் கூடாது என்று அவர்களுக்குக் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி முறைப்படி சரணாலயமானது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஊர்க்காரர்களின் இரக்க குணத்தைப் பலரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு சரிதான். ஆனால் அதோடு நின்றால் அவர்களைக் குறைவாக மதிப்பதாகும். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவுக்குப் பெரு நாட்டுச் சிஞ்சா தீவுகளின் கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாகப் போகத் தொடங்கியது 1840-களில். அங்கே அது கடலோர மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த உரம். ஐரோப்பியர் கண்டுகொண்ட பின் சில பத்தாண்டுகளில் மலைபோல் கிடந்ததைச் சுரண்டித் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கப்பல்களுக்கு முன்பே வேடந்தாங்கல் உழவர்கள் பறவையையும் வைத்துக்கொண்டு உரத்தையும் பெற்றுவந்தார்கள். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரிலும் கூடு இருக்கும் மரத்தடியில் குழி வெட்டி, விழும் எச்சத்தைச் சேர்த்து வயலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது.

இனி துருவம். அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. இருக்கிற கொஞ்சத்தில் கடலோரப் பாறைத் திட்டுகளில்தான் அடேலி பெங்குவின்கள் கூழாங்கல்லைக் குவித்து முட்டையிடுகின்றன. அவை தின்பது பெரும்பாலும் கிரில் என்னும் சிறு இறால் வகை. அதனால் எச்சம் வெளிர்சிவப்பு. பூநாரையின் சிறகுக்கு நிறம் தருவதும் இப்படி உணவிலிருந்து வரும் சிவப்புச் சத்துதான். ஆயிரமாயிரம் பறவைகள் கழிப்பதால் அந்தக் கறை விண்வெளியிலிருந்தே தெரிகிறது. டேஞ்சர் தீவுகளில் யாரும் எதிர்பாராத அளவுக்கு, சுமார் 15 லட்சம் அடேலி பெங்குவின்கள் இருப்பது 2018-இல் உலகுக்குத் தெரியவந்தது. செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த எச்சக் கறையே அங்கே வழிகாட்டியது.

கோடையில் பனி உருகி எச்சத்தின் வழியே கசியும்போது, அதில் கரைந்த பாஸ்பேட் பாறைத் துகள்களோடு வினைபுரிந்து, அலுமினியமும் இரும்பும் கலந்த புதுக் கனிமங்களாகிறது. முதலில் அம்மோனியாவால் காரமாக இருக்கும் மண், அது நைட்ரேட்டாக மாற மாறப் புளிப்பேறுகிறது. இப்படிப் பறவையால் உருவாகும் மண்ணுக்குத் தனிப் பெயரே உண்டு. சோவியத் ஆய்வாளர் சிரோயெச்கோவ்ஸ்கி 1959-இல் அதை ஆர்னிதோஜெனிக் மண் என்றார். பெங்குவின்கள் இடத்தைக் கைவிட்டுப் போன பின்னும் அந்த மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது. குளிரில் எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. அண்டார்டிகாவின் ஆர்ட்லி தீவில் ஏரி வண்டலைத் துளையிட்டு எடுத்து, எச்சத்தின் அளவைப் பார்த்தே மூவாயிரம் ஆண்டுகளில் அங்கே பெங்குவின் எப்போது பெருகியது, எப்போது குறைந்தது என்று சீன ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள்.

நேலப்பட்டு மரத்தடியில் பார்த்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெங்குவின் கூட்டத்தின் நடுவில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. உப்பும் அம்மோனியாவும் மிதியும் தாங்காது. ஓரத்தில் பிரசியோலா என்னும் பச்சைப் பாசி படரும். அதற்கும் வெளியேதான் மாஸ் எனப்படும் நிலப்பாசியும் புல்லும் செழிக்கும். நேலப்பட்டிலும் மரத்தடித் தண்ணீர் மூச்சு முட்டிக் கிடக்க, மதகு தாண்டிய கழனிதான் பச்சையாக நிற்கிறது. வேகம்தான் வேறு. அங்கே எச்சம் ஆயிரம் ஆண்டு உறைந்து கிடக்கும். இங்கே மார்கழியில் விழுந்தது பங்குனி அறுவடையில் நெல்லாகிவிடுகிறது.

நம் நாட்டுக்கும் அந்த மண்ணோடு உறவு உண்டு. அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் சோலையில் 1989 முதல் இயங்கும் மைத்ரி ஆய்வு நிலையத்தைச் சுற்றி ஸ்குவா என்னும் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. லார்ஸ்மன் குன்றுகளில் 2012-இல் பாரதி நிலையம் வந்தது. வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-இல் திறந்த ஹிமாத்ரி இருக்கிறது. அந்தத் தீவுகளில் மைனா அளவே உள்ள லிட்டில் ஆக் என்னும் கடற்பறவை மலைச்சரிவின் கற்குவியலுக்குள் லட்சக்கணக்கில் கூடு வைக்கும். சுற்றிலும் வெறுமை, அந்தச் சரிவின் அடிவாரத்தில் மட்டும் அடர்பச்சை. அங்கேதான் கலைமான்கள் மேய வருகின்றன.

பறவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள் சாட்சி. தோல் வியாபாரத்துக்காக அங்கே பல தீவுகளில் நரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நரிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. நரி விட்ட தீவுகளையும் விடாத தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பறவை போன தீவுகளில் மண்ணின் பாஸ்பரஸ் குறைந்து, செழித்த புல்வெளி இருந்த இடத்தில் குட்டைச் செடிகளும் நிலப்பாசியும் வந்துவிட்டன. நேலப்பட்டுப் பெரியவர் "பயிரு வெளுத்து நிக்கும்" என்றாரே, அதே சேதிதான்.

இதுவரை சொன்னது நல்ல பாதி. மறுபாதியைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுதுவது நேர்மையாகாது. கனடாவின் வடகோடியில் டெவன் தீவு. அங்கே கேப் வேரா என்னும் செங்குத்துப் பாறையில் ஃபுல்மார் கடற்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு வைக்கின்றன. பாறைக்குக் கீழே எச்சத்தால் பச்சைபிடித்த குட்டைகள். பக்கத்தில் ஆலையும் கிடையாது, விவசாயமும் கிடையாது. ஆனால் கூடுகளுக்கு அருகிலுள்ள குட்டைகளின் வண்டலில் தூரத்துக் குட்டைகளில் இருப்பதைப்போலப் பாதரசம் 25 மடங்கும் டிடிடி பூச்சிக்கொல்லி 60 மடங்கும் இருந்ததை அதே 2005-இல் கண்டறிந்தார்கள். எங்கோ கடலில் கலந்த நஞ்சு மீனுக்குள் சேர்ந்து, மீனிலிருந்து பறவைக்குப் போய், எச்சமாக அந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. பறவைக்கு உரம் எது, நஞ்சு எது என்று பிரிக்கத் தெரியாது. தண்ணீரில் இருப்பதைத்தான் அது கொண்டுவரும்.

நேலப்பட்டுக் கூழைக்கடா மீன் பிடிக்கும் தண்ணீர் எது? பழவேற்காடு ஏரி. அதன் தென்மேற்கு ஓரம் கும்மிடிப்பூண்டி வட்டம். மழைக்காலத்தில் ஆலைப் பகுதிகள் உள்பட அந்த வட்டத்தின் மழைநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் இறங்கிக் கிழக்கு நோக்கித்தான் வழிகிறது. இன்னும் தெற்கே, அனல்மின் நிலையச் சாம்பலைப் பல ஆண்டுகளாகச் சுமந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பக்கிங்காம் கால்வாய் பழவேற்காட்டோடு இணைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, சிறகில் கறுப்புக் கறையோடு கூழைக்கடாக்கள் நின்ற படங்களை எல்லாரும் பார்த்தோம். சிறகில் ஒட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குள் போவது தெரியாது.

ஆலைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியவரின் மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வீட்டின் மாதச் செலவு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கழிவுநீரை ஆலை வாசலுக்குள்ளேயே சுத்திகரிப்பது செலவு பிடிக்கும் வேலை, ஆனால் முடியாத வேலையில்லை. பறவையைக் காப்பது வனத்துறை வேலை, கழிவுநீரைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலை என்று பிரித்து வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஏரியில் பிடித்த மீன் நேலப்பட்டில் எச்சமாகி, மதகு தாண்டி, கழனிக்குப் போகிறது. இதில் எந்த இடத்தில் கோடு கிழித்து இது உன் வேலை, அது என் வேலை என்று சொல்ல முடியும்?

மாலையில் பெரியவர் வீட்டுத் திண்ணையில் மோர் கொடுத்தார். மண் பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டேன். உள்ளே போய் மண்வள அட்டையை எடுத்து வந்தார். 2015 முதல் நாடு முழுவதும் உழவர்களுக்குத் தரப்படும் அட்டை. மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. மொத்தம் பன்னிரண்டு வரி: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. அவர் விரலை மணிச்சத்து வரியில் வைத்தார். "இது அதிகம்னு போட்டிருக்கான் பாருங்க. பறவை குடுத்தது." பெருமையாகத்தான் சொன்னார்.

காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் அதில் வரி கிடையாது. சாதாரணக் கழனிக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். நேலப்பட்டு மதகுக்குக் கீழே உள்ள கழனிகளுக்கும், சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரிப் பக்கத்து ஏரியோர நிலங்களுக்கும் அந்த மூன்று வரிகளையும் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, குஞ்சுகள் பறந்து போய் ஏரி வற்றும் சித்திரையில், மரத்தடி வண்டலும் பொரியாமல் விழுந்த முட்டைகளின் ஓடும் கழனி மண்ணும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். அளக்கும் கருவிகள் நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கின்றன. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "எடுக்க வர்றவங்களுக்கு இடத்தை நானே காட்டறேன். எந்த மரத்துல கூடு அதிகம்னு எனக்குத் தெரியும்" என்றார்.